எத்ருஸ்கன் ஊக்குகளும் ஊசிகளும்: நகல் வாங்குவோரும் செய்வோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளிர்காலத்தில் நான் போர்த்தும் சால்வையில் ஒரு வெண்கல ஊக்கு இருக்கும். நடுவில் புடைத்து, முனையில் ஊசி நீண்டு, பார்ப்பதற்கு ரத்தம் குடித்த அட்டை போல இருக்கும் அதைப் பார்த்துவிட்டு யாராவது கேட்காத நாளில்லை. 2,700 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் அணிந்த ஊக்கின் நகல் என்று சொன்னதும் கேள்விகள் தொடங்கிவிடும். கம்பியில் இவற்றை வளைத்துப் பழகுகிறேன் என்று தெரிந்த பிறகு நகல் வாங்குகிறவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன்.

எத்ருஸ்கன்னா யாரு? ரோமானியர்தானே?

இல்லை. ரோமானியர் தலையெடுப்பதற்கு முன்பே இத்தாலியின் நடுப்பகுதியில், ஆர்னோ, டைபர் ஆறுகளுக்கு இடையே செழித்திருந்தவர்கள். செர்வெத்தெரி, தர்க்வீனியா, வுல்ச்சி, வெயி, கியூசி எல்லாம் அவர்கள் ஊர்கள். இன்றைய தஸ்கனி என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். அவர்கள் பேசிய மொழி லத்தீனுக்கு உறவில்லாதது. கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்குள் ரோமானியருக்குள் கரைந்து போனார்கள்.

இறந்தவர்களை நகைநட்டோடு அடக்கம் செய்தார்கள். அதனால்தான் இவ்வளவு ஊக்குகள் நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

இது புரூச்சா, சேஃப்டி பின்னா? ஃபிபுலான்னு வேற சொல்றாங்களே?

ஊக்கு என்பதுதான் சரியான சொல். புரூச் என்றதும் அலங்காரம்தான் நினைவுக்கு வரும். இது முதலில் துணியைப் பிடிப்பதற்கான சாதனம், அழகு அதன் மேல் வந்து உட்கார்ந்தது. லத்தீனில் இதற்கு ஃபிபுலா என்று பெயர். கெண்டைக்காலில் உள்ள மெல்லிய எலும்புக்கும் மருத்துவர்கள் அதே பெயர் வைத்திருப்பது, அது ஊக்கின் ஊசி போல இருப்பதால்தான்.

உறுப்புகள் நான்கு: வளைந்த வில், ஒரு முனையில் சுருள், சுருளிலிருந்து நீளும் ஊசி, மறுமுனையில் ஊசி வந்து உட்காரும் தாங்கி. நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் 1849இல் காப்புரிமை பெற்ற சேஃப்டி பின்னிலும் வேலை செய்வது இதே சுருள்தான். ஊசி முனையை மூடி விரலைக் காத்ததுதான் அவர் புதிதாகச் சேர்த்தது. எத்ருஸ்கன் ஊக்கில் முனை திறந்தே இருக்கும், குத்தும். நகலிலும் குத்தும்.

பொத்தான் போதுமே, எதுக்கு இவ்வளவு கனமா ஒண்ணு?

அவர்கள் உடுத்தியது வெட்டித் தைக்காத துணி. தறியிலிருந்து வந்த கம்பளியைத் தோளில் போர்த்தி, இரண்டு விளிம்பையும் சேர்த்துக் குத்துவார்கள். புடவையும் வேட்டியும் கட்டும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தடித்த கம்பளி மடிப்பு உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகவே வில் மேலே வளைந்திருக்கிறது. நகலைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். வில்லுக்கும் ஊசிக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாவிட்டால் அது சட்டையில் குத்தும் பேட்ஜ், ஊக்கு அல்ல.

பின்னாளில் கிரேக்க பாணியில் தைத்த மெல்லிய உடைகள் பரவின, பெரிய ஊக்குகளின் தேவையும் குறைந்தது.

அட்டை, படகு, பாம்புன்னு பேரு போட்டு விக்கிறாங்க. நிஜமாவே அப்படிப் பேரா, கடைக்காரர் வச்சதா?

அகழாய்வாளர்கள் வைத்த பெயர்கள். வில் கெட்டியாகப் புடைத்திருந்தால் இத்தாலியில் அதை அட்டை வகை என்பார்கள். அதே வடிவம் உள்ளீடில்லாமல், கவிழ்த்த ஓடம் போல அடியில் திறந்திருந்தால் படகு வகை. வில் நெளிந்து நெளிந்து போனால் பாம்பு வகை. போலோஞாவில் செர்த்தோசா இடுகாட்டில் கிடைத்தவை அந்த இடத்தின் பெயரையே பெற்றன. அவை கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 5ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை.

பழைய கல்லறைகளில் அட்டை வகையும் அதன் உறவுகளும் பெரும்பாலும் பெண்களோடும், பாம்பு வகை பெரும்பாலும் ஆண்களோடும் கிடைக்கின்றன. அதற்காக இன்று யார் எதை அணிவது என்று தயங்க வேண்டாம். ஆனால் நாடகத்துக்கோ கண்காட்சிக்கோ உடை அமைக்கிறீர்கள் என்றால் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். போர்வீரனுக்கு அட்டை ஊக்கு குத்தினால் தெரிந்தவர்கள் கண்ணில் உடனே படும்.

படகு வகையின் உள்ளீடின்மை சாமர்த்தியமான வேலை. உலோகம் மிச்சம், எடை குறைவு, எதிரில் நிற்பவருக்கோ கெட்டியாகத் தெரியும். சில ஊக்குகளில் வில்லின் மீது அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) துண்டுகளைக் கோத்தார்கள். அந்த அம்பர் பால்டிக் கடலோரத்திலிருந்து வந்தது.

ஊசிகள்னு தனியா இருக்கே, அது என்ன?

சுருளும் தாங்கியும் இல்லாத நேர் ஊசிகள். கூந்தலுக்கும் உடைக்கும் செருகுவார்கள். தலையில் ஓர் உருண்டை இருக்கும், தங்க ஊசியானால் அந்த உருண்டை மேல் நுண்மணி வேலை, அதாவது மிகச் சிறிய தங்க மணிகளை ஒட்டிய அலங்காரம், இருக்கும். முதன்முதலில் நகல் வாங்குகிறவர்களுக்கு இதையே சொல்வேன். பழுதாவதற்கு இதில் எதுவுமில்லை.

நகல் எந்த உலோகத்துல வாங்கலாம்? பித்தளைதான் மலிவா இருக்கு.

அன்றாடம் குத்திக்கொள்ள வெண்கலம் நல்லது. அசலும் பெரும்பாலும் அதுதான்: செம்போடு தகரம், சுமார் பத்தில் ஒரு பங்கு. பித்தளையில் தகரத்துக்குப் பதில் துத்தநாகம் இருக்கும். புதிதில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல மின்னும். சில மாதம் போனால் வெண்கலம் தேன் நிறத்துக்கு இறங்கும், பித்தளையின் மஞ்சள் எலுமிச்சை போல வெளிறியே நிற்கும்.

உலோகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஊசி வார்த்ததா, தட்டியதா? நான் முதலில் வாங்கிய நகல் முழுவதும் ஒரே அச்சில் வார்த்தது. மூன்றாம் முறை குத்தும்போது சுருள் பக்கத்தில் 'டிக்' என்று முறிந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தால் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல மணிமணியாக இருந்தது. வார்த்த உலோகம் வளையாது. அந்தக் காலத்துக் கொல்லர் வில்லை வார்த்த பிறகு, அதன் ஒரு முனையைத் தட்டித் தட்டிக் கம்பியாக நீட்டி, அதையே சுருளாகச் சுற்றி ஊசியாக்கினார். தட்டத் தட்ட வெண்கலம் இறுகும், இறுகிய கம்பி வளைந்தாலும் திரும்பி வரும். அளவுக்கு மீறித் தட்டினால் வெடிக்கும், அப்போது நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். கடைசித் தட்டலுக்குப் பிறகு மட்டும் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் வில்விசை போய்விடும். என் கைக்கு இது பிடிபட எத்தனையோ கம்பிகள் வீணாயின.

எனவே வாங்கும்போது ஊசியைத் தாங்கியிலிருந்து விடுவித்துப் பாருங்கள். தானாக ஒரு விரலளவு விலகி நின்றால் நல்ல ஊக்கு. விட்ட இடத்திலேயே சோம்பிக் கிடந்தால் அது அலங்காரப் பொருள்.

பட்டுப் புடவையில குத்தலாமா, அக்கா?

வேண்டாம். ஊசி தடிமனானது. தளர நெய்த கம்பளியில் நூல்கள் விலகி வழிவிடும், எடுத்ததும் கூடிக்கொள்ளும். பட்டில் நூல்கள் நெருக்கம், அறுந்துவிடும். சால்வை, கைத்தறிப் போர்வை, தடித்த பருத்தித் துப்பட்டா ஆகியவற்றுக்குப் பயப்படாமல் குத்தலாம். பட்டில்தான் வேண்டும் என்றால் உள்பக்கம் ஒரு துண்டுத் துணியை வைத்து, முந்தானை மடிப்பின் தையலோரத்தில் குத்துங்கள்.

தங்க ஊக்குல கடுகைவிடச் சின்ன மணியா ஒட்டியிருக்கே, அது எப்படி?

என்னை இந்த வேலைக்குள் இழுத்ததே இந்த மணிகள்தான். கடுகு என்ன, ரவையைவிடச் சிறியவை. மிக நேர்த்தியான எத்ருஸ்கன் வேலையில் ஒரு மணி 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறும் கண்ணுக்கு மணியாகவே தெரியாது, தங்கத்தின் மேல் பனி படிந்தது போல ஒரு மங்கல் மட்டும் தெரியும். உருப்பெருக்கியைக் கொண்டுபோனால் அந்த மங்கல் வரிசை வரிசையாகப் பிரிந்து, சிங்கத்தின் பிடரியாகவும் கோடுகளாகவும் எழுந்து நிற்கும்.

மணி செய்வது எளிது. தங்கக் கம்பியைத் துணுக்குகளாக நறுக்கி, கரித்தூளுக்குள் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, மூசையில் உருக்குவார்கள். உருகிய துணுக்கு தானே உருண்டை ஆகிவிடும். ஆறியதும் கரியைக் கழுவிச் சலித்து அளவு பிரிக்கலாம்.

கடினம் ஒட்டுவதில்தான். நம் பட்டறைகளில் பொடி வைத்து ஊதுவார்கள். 'பொடி வைத்துப் பேசுவது' என்ற வழக்கில் வரும் பொடி அதுதான் என்பார்கள். நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தூளை வெண்காரத்தோடு வைத்து ஊதுகுழலால் தீயைச் செலுத்த, தூள் உருகி இரண்டையும் பிடிக்கும். பெரிய மணிக்கு இது சரி. 0.2 மில்லிமீட்டர் மணிக்கு வைத்தால் உருகிய பொடி மணிகளுக்கு நடுவே வெள்ளம்போல் பாய்ந்து இடுக்கெல்லாம் மூடிவிடும். எத்ருஸ்கன் வேலையில் இடுக்கு சுத்தமாக இருக்கிறது. மணி தகட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொட்டு நிற்கிறது.

அதற்கு வழி செம்பு. மாலகைட் போன்ற பச்சைச் செம்புக் கல்லை நன்றாக அரைத்துப் பிசினில் குழைத்து, அந்தக் குழைவால் மணிகளை ஒட்டுவார்கள். சூடேறும்போது பிசின் கரியாகும். கரி செம்புச் சேர்மத்திலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, தூய செம்பு அந்தப் புள்ளியில் மட்டும் மிஞ்சும். தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085. இரண்டும் கலந்தால் சுமார் 900 டிகிரியிலேயே இளகிவிடும். எனவே மணியும் உருகாது, தகடும் உருகாது, தொடும் இடம் மட்டும் இளகிப் பிடித்துக்கொள்ளும். சில நொடிகள் கூடுதலாகத் தீ காட்டினால் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டி.

அந்த வித்தை தொலைஞ்சு போச்சுன்னு படிச்சேன். யாரு மீட்டாங்க?

கதை ரோம் நகரில் தொடங்குகிறது. ஃபொர்த்துனாத்தோ பியோ காஸ்டெல்லானி 1814இல் அங்கே நகைப் பட்டறை தொடங்கினார். 1836இல் செர்வெத்தெரியில் ரெகொலினி-கலாஸி கல்லறை திறக்கப்பட்டு, அதன் தங்கம் வெளியே வந்தது. செர்மொனெத்தா பிரபு மிக்கேலாஞ்சலோ காயெத்தானியின் தூண்டுதலோடு காஸ்டெல்லானியும் அவர் மகன்கள் அலெஸாந்த்ரோவும் அகுஸ்தோவும் அந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். மார்க்கே மலைப்பகுதியின் சான்தாஞ்செலோ இன் வாதோ என்ற சிற்றூரில், கிராமத்துப் பெண்களுக்காகப் பழைய முறையில் நகை செய்துகொண்டிருந்த கைவினைஞர்களைத் தேடிப்பிடித்து ரோமுக்கு அழைத்து வந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது. கல்லறையில் தேடியதன் ஒரு பகுதி, உயிரோடு இருந்தவர்களின் கைகளில் இருந்திருக்கிறது.

அப்படியும் அவர்கள் கடைசிவரை மிக நுண்ணிய பொடியையே நம்பினார்கள். வேலை அழகுதான், ஆனால் அசலின் பனிப்படிவு வரவில்லை. முன்கேள்வியில் சொன்ன செம்பு வழி 1930களில்தான் தெளிவானது. இங்கிலாந்தில் லிட்டில்டேல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் எலிசபெத் திரெஸ்கோவ் என்ற பொற்கொல்லர் அதே காலத்தில் நுண்மணி வேலையை மீண்டும் செய்துகாட்டினார்.

காஸ்டெல்லானி செஞ்சது நகலா, போலியா?

அவர்கள் பெயரிட்டு விற்றவை நகல்கள். முதுகு சேர்த்துப் பின்னிய இரண்டு 'சி' எழுத்து முத்திரையைப் பின்பக்கம் வைத்தார்கள். 'இது எங்கள் வேலை' என்று சொல்லியே விற்றார்கள், பெருமையாகவும் சொன்னார்கள். 2013இல் ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் புகுந்த திருடர்கள் குறிவைத்தது இந்த 19ஆம் நூற்றாண்டு நகைகளைத்தான்.

ஆனால் படம் முழுவதும் வெள்ளையில்லை. அதே குடும்பம் தொல்பொருள் வணிகமும் செய்தது, உடைந்ததைப் பழுதும் பார்த்தது. அவர்கள் வழியாக 1872, 1873இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நிறையப் பொருள்கள் போயின. ரோமில் தொல்பொருள்களைச் சேகரித்த கம்பானா பிரபுவின் திரட்டு 1861இல் பிரான்சுக்கு விற்கப்படும் முன் அதன் நகைகளும் அவர்கள் கைவழிப் போனவை. அந்தக் காலத்தில் பழுதுபார்ப்பது என்றால், ஒரு கல்லறை ஊக்கின் வில்லோடு வேறொன்றின் ஊசியைச் சேர்ப்பதும், இல்லாத உறுப்பைப் புதிதாகச் செய்து வைப்பதும் அதில் அடக்கம். பின்னாளில் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, எது பழையது, எது 1850களில் வந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. முத்திரை வைத்த நகல் யாரையும் ஏமாற்றவில்லை. முத்திரையில்லாத பழுதுதான் ஏமாற்றியது.

சிங்கம் போட்ட பெரிய தங்க ஊக்கு இருக்கே, அதோட நகல் அணிய முடியுமா?

ரெகொலினி-கலாஸி ஊக்கைச் சொல்கிறீர்கள். அசல் வத்திக்கானின் கிரெகோரியன் எத்ருஸ்கன் மியூசியத்தில் இருக்கிறது, காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டு. ஏறக்குறைய ஓர் அடி நீளம். மேல் வட்டில் ஐந்து சிங்கங்கள் நடக்கும், கீழ்ப் பகுதியில் குட்டிக்குட்டி வாத்துகள் வரிசையாக நிற்கும். அசலே அன்றாடம் அணியச் செய்ததாகத் தெரியவில்லை.

முழு அளவு நகல் சுவரில் மாட்டவோ வகுப்பில் காட்டவோ நல்லது. அணிவதற்குக் கைக்கு அடக்கமாகச் சுருக்கியது கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் சுருக்கும்போது வாத்துகள் தேய்ந்து வெறும் குமிழ்களாகிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வாத்துக்கு அலகு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊக்குல என் பேரை எத்ருஸ்கன் எழுத்துல பொறிக்கலாமா?

தாராளமாக. அதற்கு முன்னோடியே இருக்கிறது. கியூசிப் பகுதியில் கிடைத்து இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் தங்க ஊக்கில் நுண்மணிகளாலேயே எழுதியிருக்கிறார்கள். நான் அரத் வெலவெஸ்னாவுக்கு உரியது, மாமுர்கே துர்சிகினா என்னைக் கொடுத்தான் என்ற பொருளில் ஊக்கே பேசுகிறது. 'மி' என்றால் நான். உங்கள் பெயருக்கு முன்னும் ஒரு 'மி' போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாகப் போகும், எழுத்துகளின் முகமும் அதற்கேற்பத் திரும்பும். அடுத்தது, அவர்கள் மொழியில் ஒகரம் இல்லை, அந்த இடத்தில் உகரம்தான் எழுதினார்கள். கோமதி என்ற பெயர் குமதி ஆகும். காந்தியில் வரும் 'தி'யின் மெல்லோசைக்குத் தனி எழுத்தும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தமிழில் எழுதிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

எழுத்து பொறிச்ச ஒரு பிரபல ஊக்கு போலின்னு கேள்விப்பட்டேனே?

அது பலஸ்திரீனா ஊரின் பழைய பெயரால் பிரெனெஸ்தே ஊக்கு எனப்படுவது. 'மானியுஸ் என்னை நுமேரியுஸுக்காகச் செய்தான்' என்று அதில் இருக்கிறது. ஆனால் மொழி எத்ருஸ்கன் அல்ல, லத்தீன். நமக்குக் கிடைத்த மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் ஒன்று. முன்கேள்வியில் சொன்ன கியூசி ஊக்கோடு இதைப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு.

1887இல் வொல்ஃப்காங் ஹெல்பிக் என்ற அறிஞர் இதை வெளிப்படுத்தினார், எங்கிருந்து கிடைத்தது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 1980இல் கல்வெட்டறிஞர் மார்கெரித்தா குவார்துச்சி இது மோசடி என்று விரிவாக வாதிட்டார், பலரும் ஏற்றுக்கொண்டார்கள். 2011இல் எதில்பெர்த்தோ ஃபொர்மில்யியும் தனியேலா ஃபெர்ரோவும் தங்கத்தின் மேற்பரப்பையும் எழுத்தின் உட்பள்ளங்களையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். நூற்றாண்டுகள் கடந்தால் மட்டுமே உண்டாகும் நுண்படிகங்கள் எழுத்துகளின் உள்ளேயும் இருந்தன. ஊக்கும் அசல், எழுத்தும் அசல். இடம் சொல்லாமல் மறைத்ததால் ஓர் உண்மையான பொருள் முப்பது ஆண்டுகள் போலி என்ற பெயரைச் சுமந்தது.

'அசல் எத்ருஸ்கன், பழைய திரட்டிலிருந்து'ன்னு ஒருத்தர் விக்கிறாரு. வாங்கலாமா?

எங்கே, எப்போது தோண்டியது, எந்த ஆண்டு இத்தாலியை விட்டு வெளியேறியது என்ற காகிதம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அசலாக இருந்தால் கல்லறைத் திருடர் கையிலிருந்து வந்திருக்கலாம். இத்தாலியில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். திருடர் எடுத்தது ஓர் ஊக்கு மட்டுமல்ல. அந்த ஊக்கு யாருடைய தோளில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியும் அதோடு அழிந்துவிடும். போலியாக இருந்தால் பணம் போச்சு.

போலியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. அச்சுத் துளைவழி இழுத்த இன்றைய கம்பியில் நீளவாக்கில் இணைகோடுகள் ஓடும். எத்ருஸ்கன் தங்கக் கம்பியோ பட்டையை முறுக்கி உருட்டியது, உருப்பெருக்கியில் திருகாணியின் மரை போல ஒரு கோடு சுற்றிச் சுற்றிப் போகும். வெண்கலத்தில் துத்தநாகம் நிறைய இருந்தால் சந்தேகப்படுங்கள். பற்றவைத்த இடத்தில் காட்மியம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த உலோகத்தை 1817இல்தான் கண்டுபிடித்தார்கள். பச்சைக் களிம்பைக் குச்சியால் சுரண்டினால் தூளாகக் கொட்டிவிட்டு அடியில் பளபளப்பு தெரிந்தால் அது நேற்று பூசியது. கெட்டிக்காரப் போலிகள் இவை எல்லாவற்றையும் தாண்டிவிடும் என்பதால்தான் காகிதத்தை முதலில் கேட்கச் சொன்னேன்.

நானே செஞ்ச நகலுக்குப் பச்சைக் களிம்பு ஏத்தி பழசு மாதிரி காட்டலாமா?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு மனம் ஒப்பவில்லை. அதை அணிந்தவர்கள் காலத்தில் அந்த ஊக்கு பச்சையாக இல்லை. தேன் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பச்சை, மண்ணுக்கடியில் கிடந்த காலத்தின் நிறம். நாம் நகல் செய்வது ஒரு பெண் காலையில் எடுத்துக் குத்திக்கொண்ட பொருளை என்றால், அதைப் பளபளப்பாகவே விட வேண்டும்.

கண்காட்சிக்குக் களிம்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். ஆனால் எதைச் செய்தாலும் தாங்கியின் உள்மடிப்பில், ஊசி வந்து உட்காரும் இடத்தில், ஆண்டையும் என் குறியையும் உளியால் கொத்திவிடுவேன். வெளியே தெரியாது, அழகு கெடாது. அதை அரத்தால் ராவி எடுக்கப் பார்த்தால் தாங்கி மெலிந்து ஊசி நிற்காது. நீங்களும் அந்த இடத்திலேயே கொத்துங்கள், தாங்கியை மடிப்பதற்கு முன்னால். மடித்த பிறகு உளி நுழையாது.